ஈசான மூலையில் ஒரு பை

கோயமுத்தூரில் குண்டுகள் வெடித்த வருடம், செத்தவர்களுக்குக் காரியம் முடிவதற்குள் அதிலிருந்து பிழைப்புக்கு வழி கண்டுபிடித்தவர்கள் சிலர் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தேன். நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

காந்திபுரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடந்தது. ‘தேசப் பாதுகாப்பிலும் ஆபத்துக் கால உதவியிலும் அருமையான வேலைவாய்ப்புகள்’ என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரத்தைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு நாற்காலியில் செக்யூரிட்டி கம்பெனி முதலாளி சஃபாரி சூட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன வருடம் வரைக்கும் போர்வெல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். தண்ணீரே இல்லாத பாறையில் குழி போட்டுக் காசு பார்த்தவருக்கு, ஊரே பயந்து கிடக்கும்போது கடை விரிக்கத் தெரியாதா என்ன.

அவர் பேச்சு இனித்தது. ஊர் முன்னே மாதிரி இல்லை, இனிமேல் ஆஸ்பத்திரி, ஓட்டல், ஜவுளிக்கடை, நகைக்கடை, மில் கேட் எல்லாவற்றிலும் ஆளைச் சோதித்துத்தான் விடுவார்கள், பெண்களைச் சோதிக்கப் பெண்களே வேண்டும், அதனால் படித்த பெண்களுக்கு யோகம் அடித்திருக்கிறது என்றார். “நாட்டுக்கு எத்தன ஆபத்து வருதோ, நமக்கு அத்தன வேலைங்க” என்று அவர் முடித்தபோது மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன். எனக்கு அப்போது ஒரு காக்கிச்சட்டை வேண்டும். அதை யார் கொடுத்தாலும் தட்டியிருப்பேன்.

எங்கள் ஊர் தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊர் என்று சொன்னாலும் நாங்கள் இருந்தது ஊருக்கு வெளியே, காலனியில். அப்பா ஒரு பெரிய தோட்டத்தில் பண்ணையத்து ஆள், எங்கள் வீடும் அந்தத் தோட்டத்துக்காரர் நிலத்தில்தான். தென்னைக்குத் தண்ணீர் கட்டுவது, மட்டை பொறுக்குவது, மாட்டுக்குத் தீனி வெட்டுவது எல்லாம் அவர் வேலை. இது போக அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குக் கூலி கிடையாது, பேரும் கிடையாது. மலையிலிருந்து யானை இறங்கினால் விரட்டப் போவது.

தோட்டத்துச் சொந்தக்காரப் பண்ணாடி வீட்டில் வயது வந்த பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஜீப் இருந்தது, துப்பாக்கிகூட இருந்தது. ஆனால் யானை வந்தால் ஆள் வருவது எங்கள் காலனிக்குத்தான். மற்ற நாளில் அப்பாவைப் பெயரைச் சொல்லி அதட்டிக் கூப்பிடுகிற வாய், அன்றைக்கு மட்டும் “ஏனப்பா, சித்தெ வந்துட்டுப் போப்பா” என்று குழையும். அப்பா டார்ச்சையும் வெடிக்கட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். போகும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும் பாருங்கள், அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. “ஆபத்துன்னா நம்மளத்தான கூப்புடறாங்க” என்பார். நான் என்.சி.சி.யில் சேர்ந்ததும், போலீஸ் வேலைக்கு ஓடியோடிப் பழகியதும், அப்பாவைப் போல ஓசியில் கூப்பிடப்படாமல் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு முறையாகக் கூப்பிடப்பட வேண்டும் என்கிற வெறியில்தான். போலீசில் உயரம் குறைகிறது என்று அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் அந்த மண்டபம்.

பயிற்சி கொடுத்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர்ப் பெண்கள் ‘வாங்க, போங்க’ கேட்டே வளர்ந்தவர்கள். அவர் ‘ஏய், ஓடு, நில்லு’ என்று கத்தியதும் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். ஒரு பெண்ணின் அப்பா மைதானத்துக்கே வந்து, எங்க புள்ளையை மரியாதையாகப் பேசுங்க என்று சண்டை பிடித்தார். எனக்கு மட்டும் அந்த மனிதரைப் பிடித்துப்போனது. அவர் எல்லோரையும் ஒரே மாதிரி திட்டினார். என் வாழ்க்கையில் அது புதுசு.

நெருப்பணைக்கும் கருவியை எப்படிப் பிடிப்பது, நெரிசலில் மாட்டிக்கொண்டவர்களை எந்தப் பக்கம் நகர்த்துவது, இரும்பு இருந்தால் கத்துகிற சோதனை மட்டையை உடம்பில் படாமல் எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். அநாதையாக ஒரு பை கிடந்தால் என்ன செய்வது என்பதைத் தினமும் கத்தச் சொல்வார். தொடாதே, ஆளை விலக்கு, போலீசுக்குச் சொல். இந்த மூன்றுக்கு மேல் உன் மூளையை உபயோகிக்காதே என்பார். கடைசி நாளில் எங்கள் வரிசையில் முதலாவதாக வந்தது நான்தான். அவர் என் தோளில் தட்டி, நீ வாசலில் நிற்க வேண்டியவள் என்றார்.

டவுன்ஹால் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் என்னைப் போட்டார்கள். பெண்கள் வாசலுக்குப் பக்கத்தில் பிளைவுட் தடுப்பு வைத்துத் திரை தொங்கவிட்ட ஒரு சின்ன இடம். அதற்குள் நின்று, வருகிற பெண்களின் பையைத் திறந்து பார்த்து, மட்டையை ஓட்டி, “போங்கம்மா” என்று அனுப்ப வேண்டும். காக்கிச்சட்டை, தொப்பி, கழுத்தில் கயிறு கட்டிய விசில். முதல் நாள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடை மேனேஜர் மரியாதைக்காரர். நெற்றியில் சந்தனம், எந்நேரமும் கூப்பிய கை. சேல்ஸ்மேனைத் திட்டினால்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். அவர் எனக்கு முதல் வாரத்திலேயே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார், அதையும் மரியாதையாகத்தான். தோட்டத்துக்காரங்க, மில்லுக்காரங்க வீட்டுப் பெண்கள் வந்தால் பையை ரொம்பக் கிளற வேண்டாம், பார்த்த மாதிரி பார்த்து விட்டுவிடு, புர்கா போட்டு வருகிறவர்களை மட்டும் நன்றாகப் பார் என்றார். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எல்லாப் பையையும் பார்க்கச் சொன்னாரே என்றேன். அவர் சிரித்தார். “அது பயிற்சிங்க, இது யாவாரமுங்க” என்றார்.

உக்கடத்திலிருந்து ஒரு அம்மா அடிக்கடி வருவார். வயதானவர், முட்டிவலி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கடையில்தான் துணி எடுப்பதாக ஒருமுறை சொன்னார். அவர் திரைக்குள் நுழையும்போதே பையைத் திறந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்துவிடுவார். முகத்திரையைத் தூக்கி, கைகளை விரித்து, நான் சொல்வதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்திருக்கும். பையில் வெற்றிலை, மூக்குக்கண்ணாடி, பேத்திக்கு வாங்கிய மிட்டாய். எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஒருநாள், பையை மூடிக்குங்கம்மா, நீங்க போலாம் என்றேன். அவர் பயந்துபோனார். “பாத்துரு கண்ணு, பொறவு உனக்கு ஏதாச்சும் சொல்லிப்போடுவாங்க” என்றார். அப்படிப்பட்டவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு, கார் நிறைய வந்து இறங்குகிறவர்களின் பையைத் திறக்காமல் கும்பிடு போட்டோம். இதற்குப் பேர் தேசப் பாதுகாப்பு. தூ.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் ‘நீ என்ன சாதி’ என்று கேட்க மாட்டார்கள். அது மரியாதை இல்லை. எந்த ஊருங்க என்பார்கள். சொன்னால், ஊருக்குள்ள எங்கீங்க என்பார்கள். அப்பா என்ன பண்றாருங்க, தோட்டங்காடு இருக்குதுங்களா, எந்தக் கூட்டமுங்க, அதாவது எந்தக் குலம், என்று ஒவ்வொரு தோலாக உரித்துக்கொண்டே வருவார்கள். வெங்காயம் தீர்ந்ததும் முகம் மாறும். கம்பெனி முதலாளி கேட்டார், மேனேஜர் கேட்டார், சோதனைக்கு நிற்கிற சில அம்மாக்கள்கூட மட்டை ஓடும்போதே கேட்டார்கள். நான் தொண்டாமுத்தூருங்க என்பதோடு நிறுத்திக்கொண்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். பெண்கள் உடம்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகிற வேலை. அந்தக் கை யாருடையது என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை. நான் அந்த ஆசையைத் தீர்த்துவைக்காமலே மூன்று மாதம் ஓட்டினேன்.

அப்புறம் ஒருநாள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் எங்கள் பண்ணாடிச்சி. அப்பா வேலை செய்கிற தோட்டத்தின் எஜமானி. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள், சேலை விலை விசாரிக்க வந்திருந்தார். பையை வாங்க நான் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், தொப்பிக்குக் கீழே முகத்தைப் பார்த்தார், பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

“ஏம்புள்ள, நீ நம்ம தோட்டத்து ஆளோட மகதான? இங்க எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாக்கறதுக்கு உன்னயவா உட்டுருக்காங்க?”

ஆமாங்க என்றேன். அவர் கோபப்படவில்லை. நல்லா இரு என்றுகூடச் சொன்னார். பையைத் தராமல், மட்டைக்கும் நிற்காமல், சுவரோரமாக ஒதுங்கி உள்ளே போனார். மேனேஜரோடு அவர் பேசிக்கொண்டிருந்ததைத் திரை இடுக்கில் பார்த்தேன். மேனேஜர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடையில் அதற்குப் பிறகு அவருக்கு ஜில்லென்று கலர் சோடா வந்தது.

மறுநாளிலிருந்து எனக்குப் பின்வாசல். வாசலை விட்டு ஏன் மாற்றுகிறீர்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். எதற்கு என்று எனக்குத் தெரியாமலா கேட்டேன், அவர் வாயால் சொல்லட்டும் என்றுதான். அவர் சொல்லவே இல்லை. பின்பக்கம் திருட்டு ஜாஸ்தி, திறமையான ஆள் அங்கேதான் தேவை, உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று புகழ்ந்தார். அடிக்கிற கையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். சந்தனம் தடவிக்கொண்டு அடிக்கிற கை இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியாது.

பின்வாசலில் எனக்கு வேலை, சாயங்காலம் வீட்டுக்குப் போகும் சேல்ஸ் பெண்களின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பது. என்னை மாதிரி வீடுகளிலிருந்து வந்த பெண்கள். மோர்ச்சோறு நாற்றம், எண்ணெய் பிடித்த ரிப்பன், பஸ் டிக்கெட். அதற்குள் எந்தப் பட்டுச்சேலை ஒளிந்திருக்கும்? பட்டுச்சேலை எடுத்துக்கொண்டு போனவன் ஒரே ஒருவனைத்தான் அந்தக் கடையில் பிடித்தார்கள். அவன் கடை முதலாளியின் மச்சான், முன்வாசல் வழியாகத்தான் போனான்.

திரைக்குள் என் இடத்துக்கு அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தியைப் போட்டார்கள். பயிற்சியில் என்னோடு இருந்தவள்தான். நெருப்பணைக்கும் கருவி புஸ்ஸென்று சீறியதற்கே அழுதவள். கெட்டவள் இல்லை. மத்தியானம் என்னிடம் வந்து, “அக்கா, இந்த மட்டையில எந்தப் பொத்தானுங்க?” என்று கேட்டுவிட்டுப் போவாள். சொல்லிக்கொடுத்தாலும் மறந்துவிடுவாள். பொத்தானை அழுத்தாமலே நாள் முழுதும் அதை எல்லோர் மேலும் விசிறி மாதிரி வீசிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எந்த ஊர் என்று இரண்டாம் தடவை கேட்டதில்லை.

ஆவணியில் பண்ணாடிச்சி மறுபடி வந்தார். இந்தத் தடவை கூறைச்சேலை எடுக்க. வேன் நிறையச் சொந்தக்காரர்கள். எங்கள் பக்கத்தில் கூறைச்சேலை எடுப்பதே ஒரு சடங்கு. வீட்டிலிருந்து பித்தளைச் செம்பில் மஞ்சள் தண்ணீர், தேங்காய், வெற்றிலை பாக்கு, பூ எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். நல்ல நேரம் பிறந்ததும் அதைப் பிரித்து வைத்துக் கும்பிட்டுத்தான் முதல் சேலையில் கை வைப்பார்கள். அதுவரைக்கும் கட்டைப் பிரிக்கக் கூடாது.

அந்தக் கட்டைப் பெரிய ஒரு பையில் போட்டுத் தூக்கி வந்திருந்தார்கள். திரைக்குள் இருந்த பெண் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறாள், அதுவரைக்கும் அவளைப் பாராட்டலாம். “நல்ல காரியத்துக்குக் கொண்டுபோறதுங்க அம்மணி” என்று அவர்கள் சொன்னதும் கும்பிட்டு அனுப்பிவிட்டாள். நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் பொழுது இருந்தது. அதுவரைக்கும் மாடியில் மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி பார்க்கலாம் என்று எல்லோரும் கிளம்பினார்கள். சாமி காரியத்துப் பையைக் கண்ட இடத்தில் வைக்கலாமா? வீட்டிலாக இருந்தால் ஈசான மூலையில் வைப்பார்கள். அதனால் கூட வந்த பெரியவர் ஒருவர் கடைக்குள் திசை பார்த்து, வடகிழக்கு எது என்று கண்டுபிடித்து, அங்கே கொண்டுபோய் வைத்தார். அந்த மூலை தூணுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. யார் காலும் பட்டுவிடக் கூடாதே என்று துண்டை வேறு அதன் மேல் போட்டு மூடிவிட்டு, அவரும் மாடி ஏறிவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

குண்டு வெடித்த ஊரில், மாடிப்படிக்கு அடியில், துண்டு போட்டு மூடிய கனமான பை. துணி மடிக்கிற ஒருவர் துண்டை விலக்கிப் பார்த்து, யார் பை என்று கேட்டிருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த நிமிஷம் கடை முழுவதும் குண்டு என்கிற சொல் ஓடியது. முன்வாசலில் ஜனம் முட்டிக்கொண்டது. எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். பின்வாசலை அகலத் திறந்து, விசிலை ஊதி, சேல்ஸ் பெண்களையும் அந்தப் பக்கம் இருந்தவர்களையும் சுவரோரமாகச் சந்துக்குள் அனுப்பினேன். எதிரே இருந்த மருந்துக்கடை போனிலிருந்து போலீசுக்குச் சொன்னேன். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நான் எதற்குப் படித்தேனோ அது இதுதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மேனேஜர் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். சந்தனம் வேர்வையில் வழிந்துகொண்டிருந்தது. என் முன்னால் வந்து கையைக் கூப்பினார்.

“அம்மணி, போலீஸ் வந்தா இன்னைக்குப் பூரா கடைய மூடிப்போடுவாங்க. முகூர்த்தச் சீசனுங்க. நீங்க சித்தெ உள்ள போயி, அந்தப் பையில என்னன்னு தொறந்து பாத்துட்டு வந்துருங்களே.”

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. பையைத் தொடக் கூடாது என்பதுதான் விதி என்றேன். அவர் கேட்கவில்லை. நீங்கதான் முதலாவதாக வந்தவர், உங்களுக்குத்தான் தைரியம் இருக்கிறது என்று மறுபடியும் புகழ ஆரம்பித்தார். முன்வாசலில் சோதிக்கிற பெண் இருக்கிறாளே, பையை உள்ளே விட்டதும் அவள்தானே, அவளை அனுப்புங்கள் என்றேன். அவர் பதறிப்போனார். நிஜமாகவே பதறினார், அதுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

“அது ஒரு ஊட்டுப் புள்ளைங்க. நாளைக்குக் கண்ணாலங்காச்சி ஆகோணும். அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவுங்கப்பனுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?”

“எனக்கு ஆச்சுன்னா எங்கப்பனுக்கு என்னங்க பதில் சொல்லுவீங்க?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். என்னை ஏமாற்ற நினைத்த முகம் இல்லை அது. அந்தக் கேள்வி ஒன்று இருக்கிறது என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அப்பனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று அவர் மனதில் ஒரு கூட்டம் இருந்தது, அதில் நாங்கள் கிடையாது, அவ்வளவுதான். சேலை எடுக்க வருகிறவர்களின் பையைத் தொட ஆகாத கை, குண்டு இருக்கிற பையைத் தொட மட்டும் ஆகுமாம். போக மாட்டேன் என்றேன். அப்படியானால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அதில் ‘ங்க’ இல்லை.

போலீஸ் வந்தது. தெருவைக் கயிறு கட்டி மறித்தார்கள். குண்டு தாங்குகிற பருத்த உடுப்பு போட்ட ஒருவரும் ஒரு நாயும் உள்ளே போனார்கள். நாய் பையை மோந்தது, மஞ்சள் துணிக்குள் மூக்கை விட்டது, சலித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அவர்கள் செம்பையும் தேங்காயையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்ற பண்ணாடிச்சி அதைப் பார்த்ததும், ஐயோ அது எங்க செம்புங்க என்று முன்னால் ஓடினார்.

இன்ஸ்பெக்டர் பண்ணாடிச்சி வீட்டாரைக் கடிந்துகொண்டார். கூட்டம் சிரித்தது. நாய் வாயை வைத்துவிட்டதே, வேறு தேங்காய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாரோ சொன்னார்கள். பண்ணாடிச்சி செம்பை முந்தானையால் ஒற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“பைரவர் மோந்தது நல்ல சகுனந்தானுங்க” என்றார்.

நான் சந்து முனையில் நின்று கேட்டேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, நாய் நல்ல நாய்தான். நல்ல நேரம் முடிவதற்குள் கடையைத் திறந்துவிட்டார்கள். அரக்குக் கலரில் கூறைச்சேலை எடுத்தார்கள் என்று அன்னூர்ப் பெண் பிறகு சொன்னாள்.

கம்பெனி முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். போன் செய்து போலீசை வரவழைத்தது கடைக்குக் கெட்ட பேர், சேல்ஸ் பெண்களின் டப்பாவைத் திறந்து பார்க்காமல் வெளியே விட்டது கடமை தவறியது, மேனேஜர் சொல்லியும் பையைப் பார்க்காதது கீழ்ப்படியாமை என்றார். உங்கள் ஆள்தானே தொடாதே என்று சொல்லிக்கொடுத்தார் என்றேன். விதி எல்லாம் சரிதான், கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டாமா என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, சிங்காநல்லூர்ப் பக்கம் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் கேட்டுக்கு ஆள் கேட்கிறார்கள், அங்கே எல்லாம் உங்க ஆளுங்கதான், ஒரு சிரமமும் இருக்காது என்றார். சட்டையையும் தொப்பியையும் மேசை மேல் வைத்தேன். விசிலைக் கொடுக்க மறந்துவிட்டேன், அல்லது கொடுக்க மனது வரவில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜரிடம் கேட்ட கேள்வியைச் சொல்லும்போது எனக்குக் குரல் ஏறியது. அப்பா பீடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், பற்ற வைக்கவில்லை. “அப்படியா கேட்ட?” என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அந்த வாரத்திலேயே, கல்யாணத்துக்கு முந்தின நாள், பொழுது இறங்குகிற நேரத்தில் பண்ணாடிச்சியின் பெரிய மகன் மொபெட்டில் காலனி முனைக்கு வந்து நின்று ஆரன் அடித்தான். வண்டியை விட்டு இறங்கவில்லை. வாழைக்குள் ஒற்றை யானை நிற்கிறது, வீடு நிறைய விருந்தாளிகள், பந்தல் வேறு போட்டாகிவிட்டது என்றான். “ஏனுங்கப்பா, சித்தெ வாங்கப்பா” என்றான். அப்பாவை அவன் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

போகாதீங்க என்றேன். அப்பா அதற்குள் டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் வந்த எரிச்சலில் கத்திவிட்டேன், இத்தனை சொல்லியும் உங்களுக்கு உறைக்கவில்லையா என்று. அவர் வெடிக்கட்டை மடியில் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“உனக்கு வந்தது தேங்காப் பை, கண்ணு. எனக்கு வர்றது நெசமாலுமே ஆனை. போகலீன்னா நாளைக்கு வேலையும் இல்ல, ஊடும் இல்ல.”

மொபெட் முன்னாலேயே போய்விட்டது. யானைக்குப் பக்கத்தில் வரப்போகிறவன் இல்லை அவன், பந்தலுக்குத்தான் போயிருப்பான். அப்பா வரப்பில் தனியாக நடந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனேன். யானையை விரட்ட எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அப்பாவுக்கு ஒன்று ஆனால், எனக்குப் பதில் சொல்ல அந்தத் தோட்டத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும். அதனால் போனேன்.